அத்தியாயம் 6: கரையில் எத்தனை மணி நேரம்? – அண்டார்டிகா கப்பல் பயணத்தைத் திட்டமிடுதல்

பத்து நாள் அண்டார்டிகா பயணத்துக்குப் பணம் கட்ட நினைப்பவர் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயாவிலிருந்து கிளம்புகின்றன. முதல் நாள் மாலையில்தான் நங்கூரம் தூக்குவார்கள். ட்ரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள், திரும்பி வர இரண்டு நாள். பத்தாம் நாள் காலையில் இறக்கிவிட்டுவிடுவார்கள். ஆக, அண்டார்டிக் தீபகற்பத்தில் உங்களுக்குக் கிடைப்பது நான்கு நாள். நாளுக்கு இருமுறை கப்பலைவிட்டு வெளியே அழைத்துப் போனால் எட்டு முறை. அதில் காற்றும் பனியும் ஒன்றிரண்டைப் பறித்துக்கொள்ளும். மிச்சமுள்ள ஆறு முறையும் தடவைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ஒன்பது மணி நேரம். பல ஆயிரம் டாலர் செலவழித்து, உலகத்தின் மறுகோடிக்குப் போய் நீங்கள் வாங்குவது அந்த ஒன்பது மணி நேரத்தைத்தான்.

கப்பல், மாதம், உடை, கரையில் நிற்கும் விதம் என எதை முடிவு செய்தாலும், அந்த ஒன்பது மணி நேரத்தை அது கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதையே இந்த அத்தியாயம் அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. கப்பலின் மேல்தளத்திலிருந்தே எல்லாம் தெரியுமே என்று கேட்கலாம். பனிப்பாறைகளும் மலைகளும் திமிங்கிலங்களும் தெரியும், உண்மைதான். ஆனால் ஒரு பெங்குயின் கூழாங்கல்லைத் திருடிக்கொண்டு வந்து தன் கூட்டில் வைப்பதை மேல்தளத்திலிருந்து பார்க்க முடியாது. அதற்குக் கரையில் நிற்க வேண்டும், அவசரமில்லாமல் நிற்க வேண்டும்.

கப்பலைத் தேர்ந்தெடுத்தல்: பயணிகள் எத்தனை பேர்?

விளம்பரங்கள் உணவகங்களையும் வெந்நீர்த் தொட்டிகளையும் காட்டும். நீங்கள் தேட வேண்டியது பயணிகளின் எண்ணிக்கையை. ஐயாட்டோ எனப்படும் அண்டார்டிகா சுற்றுலா நடத்துநர்களின் சர்வதேசச் சங்கம் 1991-இல் தொடங்கப்பட்டது. அங்கே போகும் சுற்றுலாக் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை அதன் உறுப்பினர்களுடையவை. ஓரிடத்தில் ஒரே சமயத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேண்டும், 500-க்கு மேல் பயணிகளை ஏற்றிய கப்பல் யாரையும் கரையிறக்கக் கூடாது என்பவை அங்குள்ள அடிப்படை விதிகள். 90 பேர் போகும் கப்பலில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கிவிடலாம். 190 பேர் என்றால் இரண்டு குழு. ஒரு குழு கரையில் இருக்கும்போது மற்றது ரப்பர்ப் படகில் சுற்றிவரும், பிறகு இடம் மாறும். 400 பேர் என்றால் நான்கு குழு, கரைநேரமும் அதற்கேற்பச் சுருங்கும். 500-ஐத் தாண்டினால் நீங்கள் வேடிக்கை பார்ப்பவர் மட்டுமே.

சிறிய கப்பல் அதிகம் ஆடும், கட்டணமும் கூடுதல் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு இரண்டு பதில்கள் உண்டு. புதிய தலைமுறைக் கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கின்றன. எனவே அளவை மட்டும் வைத்து ஆட்டத்தை முடிவு செய்ய முடியாது. கட்டணத்தை நாள்கணக்கில் வகுக்காமல் கரைநேரக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த பெரிய கப்பல் பல சமயம் மணிக்குக் கூடுதல் விலை வாங்கியிருக்கும். அதே பணத்தில் சிறிய கப்பலின் கீழ்த்தள அறையா, பெரிய கப்பலின் பால்கனி அறையா என்ற நிலை வந்தால் முன்னதை எடுங்கள். கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் ஆட்டமும் குறைவு.

சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் விமானத்தில் பறந்து, அங்கே கப்பலேறும் திட்டங்களும் இருக்கின்றன. கடல் நோய்க்கு அஞ்சுபவர்களுக்கு இது வசதி. ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் விமானம் இறங்காது. காத்திருக்கும் நாள் உங்கள் கரைநாள்களிலிருந்தே கழியும். ட்ரேக்கில் கப்பலைத் தொடர்ந்து வரும் ஆல்பட்ராஸ் பறவைகளையும் இழப்பீர்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

சுற்றுலாப் பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாதம் மாறும்:

1. நவம்பர்: அப்பழுக்கில்லாத பனி. பெங்குயின்கள் இணை சேர்ந்து கூடு கட்டும் காலம். கடல்பனி இன்னும் விலகாததால் சில கால்வாய்கள் அடைத்திருக்கலாம்.
2. டிசம்பர் பிற்பகுதி, ஜனவரி: குஞ்சு பொரிக்கும் காலம். இரவு ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். கட்டணமும் உச்சத்தில் இருக்கும்.
3. பிப்ரவரி, மார்ச்: குஞ்சுகள் வளர்ந்து பெற்றோரைத் துரத்தித் தீனி கேட்கும். கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் பார்க்க இதுவே நல்ல நேரம். கூட்டங்கள் இருக்குமிடத்தில் சேறும் எச்சமும் நாற்றமும் மிகுதி.

குறிப்பு: விளம்பரப் படத்தில் பேரரசப் பெங்குயினைப் பார்த்து ஏமாற வேண்டாம். வழக்கமான தீபகற்பப் பயணத்தில் தென்படுபவை ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி ஆகிய மூன்று வகை. பேரரசப் பெங்குயின் கண்ணில் பட்டால் அது அபூர்வம். பனிக்கரடி வட துருவத்துக்கு உரியது, அண்டார்டிகாவில் கிடையாது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

1. அனுமதியைக் கேளுங்கள். அண்டார்டிகா எந்த நாட்டின் ஆளுகைக்கும் முழுமையாக உட்பட்டதல்ல என்பதால் அனுமதியே தேவையில்லை என்று நினைப்பது தவறு. 1959-இல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தமும், 1991-இன் சுற்றுச்சூழல் நெறிமுறையும் அங்கே செயல்படுகின்றன. இந்தியாவும் 2022-இல் இந்திய அண்டார்டிக் சட்டத்தை இயற்றியிருக்கிறது. கப்பல் நிறுவனம் ஏதாவதொரு ஒப்பந்த நாட்டிடம் அனுமதி பெற்றிருக்கும். எந்த நாட்டின் அனுமதி என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
2. விசா விதிகளைத் தூதரகத் தளத்தில் நேரடியாகச் சரிபாருங்கள். உசுவாயாவிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பும்போது அர்ஜென்டினாவுக்குள் மீண்டும் நுழைகிறீர்களா என்று நிறுவனத்திடம் கேட்டு, அதற்கேற்ற விசா எடுங்கள்.
3. உசுவாயாவுக்குக் குறைந்தது ஒருநாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. சர்வதேச விமானங்கள் பெரும்பாலும் புவெனஸ் அயர்ஸின் எசெய்சா நிலையத்தில் இறங்கும்; உசுவாயா விமானங்கள் பலவும் நகருக்குள் இருக்கும் ஏரோபார்க்கிலிருந்து கிளம்பும். இடையில் சாலைவழி போக வேண்டும் என்பதை மறந்து டிக்கெட் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.
4. அவசர மருத்துவ மீட்பைச் சேர்த்த காப்பீடு எடுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் தென் அமெரிக்காவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கும் வானிலை இடம் கொடுக்க வேண்டும். தினசரி மருந்துகளைக் கூடுதலாக எடுத்து, கைப்பையில் வையுங்கள்.
5. சைவ உணவு போன்ற தேவைகளைப் பதிவு செய்யும்போதே தெரிவியுங்கள். நடுக்கடலில் சமையலறைக்குப் புதிதாகச் சரக்கு வராது.
6. உடையை அடுக்குகளாக எடுத்துவையுங்கள்: உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி, அதன் மேல் ஃப்ளீஸ், வெளியே நீர்புகாத மேலங்கியும் காற்சட்டையும். பருத்தி வேண்டாம், நனைந்தால் உலராது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். மேலங்கியையும் ரப்பர் பூட்ஸையும் பல நிறுவனங்கள் தருகின்றன, நீர்புகாத காற்சட்டையைப் பெரும்பாலும் நீங்களே கொண்டுபோக வேண்டும். கையுறை இரண்டு ஜோடி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் கட்டாயம்.

கோடையில் தீபகற்பத்தின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். பயந்த அளவுக்குக் குளிராது. உங்களைக் கரையிலிருந்து சீக்கிரம் துரத்துபவை ஈரமும் காற்றும்தான். கை நனைந்தவர் இருபது நிமிடத்தில் திரும்பும் படகைத் தேடத் தொடங்குவார். உடையில் செய்யும் சிக்கனம் கரைநேரத்தில் வெட்டாக விழும்.

ட்ரேக் நீரிணையில்

தடுக்க எந்த நிலப்பரப்பும் இல்லாமல் உலகைச் சுற்றி ஓடும் தென்கடலின் நீரும் காற்றும் இந்த இடுக்கு வழியே நெருக்கியடித்துப் போகின்றன. அதனால்தான் இங்கே கடல் இப்படிக் குமுறுகிறது. சில சமயம் குளம்போல அமைதியாகவும் இருக்கும். எது கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

1. கடல் நோய் மாத்திரையைக் குமட்டல் வருவதற்கு முன்பே போடுங்கள். எந்த மாத்திரை, எந்த அளவு என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும்.
2. நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். கனத்த கதவுகளின் விளிம்பில் விரல் வைக்காதீர்கள். கை எலும்பு முறிந்தவரைப் படகில் ஏற்ற மாட்டார்கள். அத்துடன் பயணம் முடிந்தது.
3. வெளித்தளத்தை மூடினால் மூடியதுதான். 2022 நவம்பர் இறுதியில் உசுவாயாவை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கப்பலில் பேரலை அறைக் கண்ணாடிகளை உடைத்ததில் ஒரு பயணி உயிரிழந்தார்.
4. உயிர்காப்புப் படகுப் பயிற்சியை ஒப்புக்குச் செய்யாதீர்கள். 2007 நவம்பர் 23-இல் 'எக்ஸ்புளோரர்' என்ற கப்பல் பனியில் மோதி, தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் மணிக்கணக்கில் படகுகளில் காத்திருந்து, நார்வேக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டார்கள். எங்கே கூட வேண்டும், எதை அணிய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த இரண்டு நாளில்தான் உயிரிப் பாதுகாப்புச் சோதனையும் நடக்கும். பைகளின் மூலைகளையும் வெல்க்ரோ பட்டைகளையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கச் சொல்வார்கள், பூட்ஸின் அடியைத் தேய்த்துக் கழுவச் சொல்வார்கள். ஒரு புல்விதை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கிங் ஜார்ஜ் தீவின் போலந்து ஆய்வு நிலையத்தை ஒட்டி 1980-களில் வேரூன்றிய அயல் புல் வகையை ஒழிக்க இன்றுவரை போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஊரிலேயே எல்லாவற்றையும் துவைத்து, ஒட்டிய விதைகளைப் பிடுங்கிவிட்டுப் போனால் கப்பலில் உங்கள் வேலை சீக்கிரம் முடியும்.

ரப்பர்ப் படகில் ஏறி இறங்குதல்

சோடியாக் எனப்படும் இந்த ரப்பர்ப் படகு கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடும். காயங்கள் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஏற்படுகின்றன.

1. கிளம்புமுன் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். கரையில் கழிப்பறை கிடையாது. உணவு கொண்டுபோகவும் அனுமதி இல்லை.
2. காற்சட்டையின் கால்பகுதி பூட்ஸுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே செருகினால் அலை பூட்ஸை நிரப்பிவிடும்.
3. கேமராவைப் பைக்குள் போட்டு, இரண்டு கைகளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.
4. ஊழியரின் உள்ளங்கையைப் பிடிக்காமல் முன்கையைப் பிடியுங்கள். அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஒருவர் பிடி நழுவினாலும் மற்றவர் பிடி நிற்கும்.
5. அவர் சொன்ன பிறகே கால் வையுங்கள். படகின் பக்கக் குழாயில் ஒரு அடி, உள்ளே ஒரு அடி, உடனே உட்கார்ந்து நகருங்கள். குதிக்காதீர்கள்.
6. படம் எடுக்க எழுந்து நிற்பதற்கு முன் ஓட்டுநரிடம் கேளுங்கள்.
7. கரையில் முன்பக்கமாக நகர்ந்து வந்து, கால்களைக் குழாயின் மேலாகத் தூக்கிப்போட்டு, இரண்டு அலைகளுக்கு இடையே இறங்குங்கள்.

ஓட்டுநர் 'இன்றைக்கு வேண்டாம்' என்றால் வாதாடாதீர்கள். 2022 நவம்பரில் யானைத் தீவுக்கு அருகே உடைந்த அலை ஒன்று ரப்பர்ப் படகைக் கவிழ்த்ததில் இரண்டு பயணிகள் இறந்தார்கள். அங்கே தண்ணீர் உறைநிலையை ஒட்டியிருப்பதால், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் முதல் சில நிமிடங்களில் மூச்சுத் திணறும்.

கரையில்: தூரம் தரும் லாபம்

பெங்குயினிடமிருந்து குறைந்தது 5 மீட்டர், ஃபர் சீலிடமிருந்து 15 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இந்த விதியைக் காட்சிக்குத் தடையாகப் பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் அதுதான் காட்சியைத் தருகிறது. நீங்கள் நெருங்கினால் அடைகாக்கும் பெங்குயின் எழுந்துவிடும். எழுந்த அரை நிமிடத்தில் ஸ்குவா பறவை முட்டையைக் கொத்திக்கொண்டு போகும். தள்ளி நின்று அசையாதிருப்பவரைப் பெங்குயின் சீக்கிரமே பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அடைமாற்றுவது, கல்லுக்காகச் சண்டையிடுவது, இரையைக் கக்கி ஊட்டுவது எல்லாம் அதன் பிறகுதான் நடக்கும். ஐந்து கூட்டங்களை ஓடி ஓடிப் பார்ப்பவரைவிட ஒரே கூட்டத்தின் முன் நாற்பது நிமிடம் நிற்பவர் அதிகம் பார்க்கிறார்.

1. இறங்கியதும் வழிகாட்டி சொல்லும் எல்லைக் கொடிகளையும் கடைசிப் படகின் நேரத்தையும் மனத்தில் பதியுங்கள்.
2. முதல் ஐந்து நிமிடம் கேமராவை எடுக்காதீர்கள். எவை கடலுக்குப் போகின்றன, எவை திரும்புகின்றன, எந்தத் தடத்தில் என்று பாருங்கள்.
3. பனியில் பெங்குயின்கள் மிதித்து உண்டாக்கிய தடங்களில் கால் வைக்காதீர்கள். குறுக்கே வந்தால் நின்று வழிவிடுங்கள்.
4. உங்கள் கால் பனியில் ஆழமாகப் புதைந்தால் அந்தக் குழியை மூடிவிட்டு நகருங்கள். பெங்குயின் அதில் விழுந்தால் ஏற முடியாது.
5. உட்காராதீர்கள், மண்டியிடாதீர்கள், படுக்காதீர்கள், பையைத் தரையில் வைக்காதீர்கள். பறவைக் காய்ச்சல் பரவாமலிருக்க வந்த கட்டுப்பாடு இது; 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாத் தீவிலும், 2024 பிப்ரவரியில் தீபகற்பத்திலும் அந்த நோய் உறுதிப்பட்டது.
6. பெங்குயின் தானாக உங்களை நோக்கி வந்தால் அசையாமல் நில்லுங்கள். அது தலையைத் தூக்கி, இறக்கையை விரித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மெல்லப் பின்வாங்குங்கள்.
7. கல், எலும்பு, இறகு எதையும் எடுக்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பனியின் ஆபத்துகள்

மிதக்கும் பனிப்பாறையின் பெரும்பகுதி தண்ணீருக்கடியில் இருக்கிறது. அடிப்பக்கம் உருகி எடை மாறினால் எச்சரிக்கையில்லாமல் புரளும். ஓட்டுநர் தள்ளியே ஓட்டுவதற்கு அதுதான் காரணம். 'இன்னும் கொஞ்சம் பக்கத்தில்' என்று கேட்காதீர்கள். நெக்கோ துறைமுகம் போன்ற இடங்களில் எதிரே இருக்கும் பனியாறு உடைந்து விழுந்தால், சில நிமிடங்களில் பேரலை கரையேறும். அங்கே நீர்விளிம்பில் நின்று படம் எடுக்காமல் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். பனிச்சரிவில் கொடி நட்ட பாதையைவிட்டு விலகினால் மூடிய பிளவுகளில் விழ நேரும். 11 கிலோமீட்டர் நீளமுள்ள லெமேர் கால்வாயைப் பனி அடைத்துக்கொண்டால் கப்பல் திரும்பிவிடும். அட்டவணையில் எழுதிய இடம் வாக்குறுதியல்ல. இடத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும் பயணியைவிட, கிடைத்த விரிகுடாவில் இறங்கி நிற்பவருக்கே மணிகள் மிஞ்சும்.

போகத்தான் வேண்டுமா?

இது தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. ஒரு பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்போது அங்கே போகிறார்கள். பூட்ஸைக் கழுவுவதும் தூரம் காப்பதும் கூட்டில் இருக்கும் பறவையைக் காப்பாற்றும். விமானமும் கப்பலும் எரிக்கும் எரிபொருளுக்கு அவை ஈடாகா. கனமான எண்ணெயை அண்டார்டிக் கடலில் 2011 முதல் தடை செய்திருக்கிறார்கள். 2017 முதல் துருவக் கடல் கப்பல்களுக்கான தனி விதித்தொகுப்பும் நடைமுறையில் இருக்கிறது. இவை கசிவையும் விபத்தையும் குறைக்கும், கரியமில வாயுவை இல்லாமல் செய்துவிடாது. 'பார்த்தவர்கள் எல்லோரும் காவலர்களாக மாறுவார்கள்' என்ற விளம்பர வாசகத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். பார்த்ததால் மட்டும் யாரும் காவலராகிவிடுவதில்லை. போவது என்று முடிவெடுத்தால் வாழ்நாளில் ஒருமுறை போங்கள், பணம் சேரும்வரை பொறுத்து நீண்ட பயணமாகப் போங்கள். விமானப் புகை அதேதான், கரைநாள் இரட்டிக்கும். எடுக்கும் திமிங்கில வால் படங்களை ஹேப்பிவேல் தளத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு திமிங்கிலத்தையும் அடையாளம் கண்டு தொடர ஆய்வாளர்களுக்கு அவை பயன்படுகின்றன.

முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. இந்தப் பயணத்தில் அதிகபட்சம் எத்தனை பயணிகள்? எத்தனை வழிகாட்டிகள்?
2. ஐயாட்டோ உறுப்பினரா? எந்த நாட்டின் அனுமதி?
3. தீபகற்பத்தில் முழுதாக எத்தனை நாள்? சராசரியாக ஒருவருக்கு எத்தனை கரையிறக்கம், தடவைக்கு எவ்வளவு நேரம்?
4. கப்பலின் பனித்தாங்குதிறன் தரம் என்ன?
5. கயாக், முகாம் போன்ற கூடுதல் கட்டண நிகழ்ச்சிகள் கரையிறக்கத்தோடு மோதுமா?

ஐந்துக்கும் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். மூன்றாவது கேள்விக்கு எண்ணில் பதில் தராமல் வருணனையில் பதில் சொல்லும் நிறுவனத்துக்குப் பணம் கட்டாதீர்கள். வேறு கப்பலைப் பாருங்கள்.